நீலகிரியில மரத்தை ஏன் வெட்டுறாங்க? புல்லுல இருந்து ஆரம்பிச்சாத்தான் புரியும்

நீலகிரியிலயும் கொடைக்கானல் பக்கமும் சீகை மரத்தை (ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வாட்டில் மரம், சீகைக்காய் இல்ல) வனத்துறையே வெட்டி அடுக்கி வச்சிருக்கிற போட்டோ அப்பப்போ வாட்ஸ்அப்ல சுத்தும். கூடவே "ஒரு பக்கம் மரம் நடுங்கன்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் அவங்களே வெட்டுறாங்க"ன்னு ஒரு திட்டும் வரும். கோபத்துல தப்பு சொல்ல முடியாது, ஏன்னா சின்ன வயசுல இருந்தே மரம்னா நல்லது, மரம் இல்லாத இடம்னா சும்மா கிடக்கிற இடம்னு தான் நமக்குப் பழக்கம், ரெவின்யூ ரெக்கார்டுலயும் புல்லு கிடக்கிற நிலத்துக்கு தரிசு, புறம்போக்குன்னு தானே பேரு. ஆனா மலையில இருக்கிற அந்நிய மரங்களை எடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம், 2022-ல தமிழ்நாடு அரசு அந்நிய தாவரங்களுக்குன்னு தனியா ஒரு கொள்கையே கொண்டு வந்துச்சு. இதுக்கெல்லாம் காரணம் மரத்துகிட்ட இல்ல, அது நிக்கிற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சுங்கிறதுல இருக்கு. இருந்தது புல்லு.

## புல்வெளின்னா எது எது

பயோம்னு ஒரு வார்த்தை அடிக்கடி வரும். ஒரே மாதிரி கிளைமேட், அந்த கிளைமேட்டுக்கு ஏத்த செடி, அந்த செடிக்கு ஏத்த மிருகம், இது மூணும் சேர்ந்த பெரிய நிலப்பரப்புக்குத்தான் அந்தப் பேரு. கண்டமே வேறயா இருந்தாலும் கிளைமேட் ஒத்துப்போச்சுன்னா ரெண்டு இடமும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

புல்வெளியை பொதுவா ரெண்டா பிரிப்பாங்க. வெப்பமண்டலத்துல இருக்கிறது சவானா: வருஷம் பூரா சூடு, சில மாசம் மழை கொட்டும், மத்த மாசம் சுத்தமா காயும், புல்லுக்கு நடுவுல அங்கங்க மரம் நிக்கும். தான்சானியாவோட செரெங்கெட்டி, பிரேசிலோட செராடோ எல்லாம் இது. இன்னொண்ணு குளிர்நாட்டுப் புல்வெளி: வட அமெரிக்காவுல பிரெய்ரி, உக்ரைன்ல இருந்து மங்கோலியா வரைக்கும் நீண்டு கிடக்கிற ஸ்டெப்பி, அர்ஜென்டினாவுல பம்பாஸ். அங்க கோடையில நல்லா சுடும், குளிர்காலத்துல மைனஸுக்குப் போகும், மழையும் பெரும்பாலும் வருஷத்துக்கு 25-ல இருந்து 90 செ.மீ. தான்.

ஸ்கூல் புக்குல ஒரு சின்ன விதி இருக்கும். மழை ரொம்ப கம்மின்னா பாலைவனம், நிறையன்னா காடு, நடுவுல இருந்தா புல்வெளி. பாதி இடத்துக்கு இது சரியா வரும். ஆனா நம்ம நீலகிரியில அவலாஞ்சி பக்கம் வந்தா விதி கவுந்துடும், 2019 ஆகஸ்ட்ல அங்க ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல மழை, அதாவது சென்னைக்கு ஒரு வருஷம் பூரா கிடைக்கிறதுல பாதிக்கும் மேல. அந்த மழை விழுற மலையிலயே முக்குர்த்தி பக்கம் மேடு மேடா புல்லு தான் காலங்காலமா இருந்திருக்கு. தண்ணி இல்லாம மரம் வரலன்னு அங்க யாரும் சொல்ல முடியாது. அப்போ மரத்தைத் தடுக்கிறது வேற என்னமோ.

## மரத்தை எது தடுக்குது

1. வறண்ட மாசங்கள். மொத்தம் எத்தனை செ.மீ.ங்கிறதை விட எத்தனை மாசம் தொடர்ந்து காயுதுங்கிறது தான் முக்கியம். ஆறு ஏழு மாசம் ஈரமே இல்லன்னா முளைச்ச கன்னுல பெரும்பாலானது செத்துடும். புல்லு மேல காஞ்சு போய் கீழ உயிரோட தூங்கும், முதல் மழைக்கு எழுந்துக்கும்.

2. நெருப்பு. காஞ்ச புல்லு சீக்கிரம் பத்திக்கும், மின்னல் விழுந்தாலும் சரி மனுசன் வச்சாலும் சரி. புல்லுத் தீ வேகமா ஓடிடும், மண்ணுக்குள்ள ரெண்டு மூணு விரல் ஆழத்துல சூடு பெருசா போகாது. அதனால கீழ இருக்கிற புல்லோட உயிருக்கு ஆபத்து கம்மி, இடுப்பளவு மரக்கன்னு தான் கருகும்.

3. மேயுற வாய். யானை மரத்தையே சாய்க்கும், ஆடு மான் எல்லாம் கன்னைக் கடிக்கும்.

4. உறைபனி. நீலகிரியோட கதையில ஹீரோ இது தான், கீழ தனியா வருது.

இதுல ஒண்ணு மட்டும் வேலை செய்யுற இடம் ரொம்ப கம்மி. பெரும்பாலும் ரெண்டு மூணு சேர்ந்து தான் அடிக்கும், அதுவும் ஒண்ணு இன்னொண்ணை மாத்திட்டே இருக்கும். இதுக்கு செரெங்கெட்டியில ஒரு அருமையான உதாரணம் இருக்கு.

## புல்லோட உடம்பு

தென்னையில குருத்து உச்சியில இருக்கு. காண்டாமிருக வண்டு அதைத் துளைச்சு தின்னுடுச்சுன்னா அவ்ளோ பெரிய மரமும் போச்சு. புல்லுல இது தலைகீழ்: குருத்து தரையை ஒட்டி, இல்ல மண்ணுக்குக் கொஞ்சம் கீழ ஒளிஞ்சிருக்கும். மாடு மேலாப்புல கடிச்சாலும் நெருப்பு மேல எரிச்சாலும் குருத்து தப்பிச்சுடும், அடியில இருந்து இலை திரும்ப தள்ளிட்டு வரும். தனக்கு சாதகமா இருக்கிற ரெண்டு ஆயுதத்தை, பல்லையும் தீயையும், மரத்துக்கு எதிரா புல்லு திருப்பி விட்ட மாதிரி தான்.

வேர் இன்னும் சுவாரசியம். பிரெய்ரியோட உயரமான புல்லுல சிலதுக்கு வேர் ரெண்டு மூணு மீட்டர் ஆழம் போகும், செடியோட எடையில பெரும்பங்கு மண்ணுக்கு அடியில தான். ஒவ்வொரு வருஷமும் அந்த வேர்ல ஒரு பங்கு சாகும், குளிர்ல மெதுவா மக்கும், அப்படியே ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்து தான் உக்ரைனோட பேர்போன கருப்பு மண்ணு உருவாச்சு. ரஷ்ய மொழியில செர்னோசெம்னா கருப்பு மண்ணுன்னு தான் அர்த்தம். உலகத்துக்கு கோதுமை போடுற நிலம் பெரும்பாலும் பழைய புல்வெளியா இருக்கிறதும் இதனால தான். அந்த வேரை ஏர் ஓட்டி அறுத்துட்டா என்ன ஆகும்னு அமெரிக்கா 1930-கள்ல பார்த்துச்சு. மழை பொய்ச்ச வருஷங்கள்ல பிடிச்சு வைக்க வேர் இல்லாம மண்ணு அப்படியே காத்துல எழுந்துச்சு, 1935 ஏப்ரல் 14 அன்னைக்கு பகல்லயே இருட்டின புழுதிப் புயலுக்கு கருப்பு ஞாயிறுன்னு பேரே வச்சிட்டாங்க.

அடுத்து ஒளிச்சேர்க்கை. செடி காத்துல இருந்து கார்பன் டை ஆக்ஸைடு எடுக்கணும்னா இலையில இருக்கிற சின்ன ஓட்டையைத் திறக்கணும், திறந்தா தண்ணி ஆவியா ஓடிடும். சூடான ஊர்ப் புல்லு நிறைய இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு, உள்ள வர்ற வாயுவை ஒரு தனி அறையில செறிவா சேர்த்து வச்சு சமைக்கும், அதனால ஓட்டையை ரொம்ப நேரம் திறக்க வேண்டியதில்ல. இதுக்கு சி4 முறைன்னு பேரு. கம்பு, சோளம், கேழ்வரகு, மக்காச்சோளம், கரும்பு எல்லாம் சி4. நெல்லும் கோதுமையும் பழைய சி3 முறை, மரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே சி3. கம்பு மானாவாரியில தாக்குப் பிடிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். சி4-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க, நீலகிரியில ஒரு பழைய வழக்கைத் தீர்க்க சாட்சியா வரும்.

கடைசியா சிலிக்கா. கரும்புத் தோகை கையைக் கிழிக்குமே, அதுல ஒரு பங்கு இது தான், மணலோட சரக்கு. புல்லு மட்டுமே தின்னு வாழ்ற மிருகத்துக்கு வருஷம் பூரா உப்புத்தாளை மென்ன மாதிரி பல்லு தேயும். அதனால குதிரை, மாடு இதுக்கெல்லாம் கடைவாய்ப் பல்லு ரொம்ப உயரமா, தேயத் தேய உள்ள இருந்து மேல வர்ற மாதிரி அமைஞ்சிருக்கு. சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்றப்போ அந்தத் தேய்மானமும் கணக்குல வரும்.

## ஒளிய இடம் இல்லாத ஊர்

காட்டுல மிருகத்துக்கு மறைவு இருக்கு. புல்வெளியில கிடையாது, தூரத்துலயே எல்லாம் தெரிஞ்சிடும். அப்போ பிழைக்க மூணு நாலு வழி தான்: வேகமா ஓடணும், கூட்டமா நிக்கணும், மண்ணுக்குள்ள போகணும், இல்ல மழை போற இடத்துக்குப் பின்னாடியே போகணும்.

ஓடுறதுக்கு நம்ம வெளிமானே போதும், மணிக்கு 80 கி.மீ. வரைக்கும் ஓடும். வெளியில வாழ்ற மான்னு பேருலயே அட்ரஸ் இருக்கு. மண்ணுக்குள்ள போறதுக்கு பிரெய்ரி நாய், பேரு தான் நாய், உண்மையில அணில் குடும்பம். நூத்துக்கணக்குல வளை தோண்டி ஊர் மாதிரி வாழும்.

மழை பின்னாடி போறதுக்கு செரெங்கெட்டி. சுமார் 13 லட்சம் வில்ட்பீஸ்ட் (பார்க்க மாடு மாதிரி இருக்கிற ஒரு மான் இனம்), கூட லட்சக்கணக்குல வரிக்குதிரையும் கெஸல் மானும், வருஷம் பூரா பெரிய வட்டமா சுத்திட்டே இருக்கும். தென்கிழக்குப் பக்கம் எரிமலைச் சாம்பல் படிஞ்ச மண்ணு, அங்க முளைக்கிற குட்டைப் புல்லுல தாது சத்து அதிகம், அதனால குட்டி போடுறது பிப்ரவரி வாக்குல அங்க தான். அங்க மழை நின்னா புல்லும் தண்ணியும் தீர்ந்துடும், வடக்கே நடக்க வேண்டியது தான். மேயுறதுலயும் ஒரு வரிசை இருக்கு: உயரமான முரட்டுத் தண்டை வரிக்குதிரை முதல்ல எடுக்கும், அடுத்து வில்ட்பீஸ்ட் இலையை மேயும், கடைசியா குட்டைத் தளிரை தாம்சன் கெஸல்.

முன்னாடி சொன்ன உதாரணம் இது தான். 1890-கள்ல ரிண்டர்பெஸ்ட்டுன்னு ஒரு மாட்டு நோய், நம்ம ஊர்ல வெக்கை நோய்னு சொன்னது, ஆப்பிரிக்காவுல புகுந்து மாடு, வில்ட்பீஸ்ட் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போச்சு. 1960-கள்ல தடுப்பூசி மூலமா சுத்தி இருந்த மாட்டுக்கு நோய் நின்னதும் வில்ட்பீஸ்ட்டுக்கும் நின்னுச்சு, ரெண்டரை லட்சம் மாதிரி இருந்தது பத்து பதினஞ்சு வருஷத்துல 13 லட்சம் ஆச்சு. அவ்ளோ வாய் மேஞ்சதுல எரியுறதுக்கு காஞ்ச புல்லு குறைஞ்சுது, தீ குறைஞ்சுது, தீ குறைஞ்சதும் மரக்கன்னு தப்பிச்சு மரம் கூடிப்போச்சு. ஒரு மாட்டு ஊசி எங்கயோ ஆரம்பிச்சு மரத்துல போய் முடியுது பாருங்க. புல்வெளியில எதையாவது ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு அசையும்.

ஸ்டெப்பியில சைகான்னு ஒரு மான் இனம். மூக்கு பார்த்தா சின்ன தும்பிக்கையை வெட்டி ஒட்டின மாதிரி தொங்கும். கோடையில கூட்டமா ஓடுறப்போ கிளம்புற புழுதியை வடிகட்டவும் குளிர்ல மைனஸ் காத்தை நுரையீரலுக்குப் போறதுக்கு முன்னாடி சூடாக்கவும் தான் அது. ஆனா 2015 மே மாசம் கஜகஸ்தான்ல சில வாரத்துக்குள்ள சுமார் 2 லட்சம் சைகா செத்து விழுந்துச்சு. உடம்புக்குள்ள சாதுவா இருக்கிற ஒரு பாக்டீரியா, அந்த சமயத்துல வழக்கத்துக்கு மீறின சூடும் ஈரப்பதமும் வந்ததும் கொலைகாரனா மாறிடுச்சு. மூக்கு வரைக்கும் கிளைமேட் செதுக்கின மிருகம், அதே கிளைமேட் கொஞ்சம் நகர்ந்ததும் மாட்டிக்கிச்சு.

## கொரங்காடு

சவானா பார்க்க ஆப்பிரிக்கா போகணும்னு இல்ல. காங்கேயம், தாராபுரம், கரூர் பக்கம் பஸ்ல போனா ஜன்னலுக்கு வெளிய தெரியுற கொரங்காடு அதே ஜாதி தான், மனுசன் பராமரிக்கிற சவானான்னு சொல்லலாம். வருஷத்துக்கு 60 செ.மீ. சுமாருக்கு மழை, சரளை மண்ணு, தரையில கொழுக்கட்டைப் புல்லு, அங்கங்க குடை பிடிச்ச மாதிரி வெள்வேல மரம், சுத்தி கிளுவை வேலி. புல்லு காஞ்ச மாசத்துல வெள்வேலங்காய் மாட்டுக்குத் தீனி. காங்கேயம் காளை வளர்ந்த இடம் இது.

ஆனா இந்த மாதிரி நிலத்துக்கெல்லாம் பேப்பர்ல தரிசுன்னு பேரு வந்தா என்ன நடக்கும்னு ராஜஸ்தான்ல பார்க்கலாம். சோலார், காத்தாலை, ஹைடென்ஷன் லைன் எல்லாம் "சும்மா கிடக்கிற" நிலத்துக்குத்தான் முதல்ல வரும். அந்தப் புல்வெளியில வாழ்ற கானமயில் எடை அதிகமான பறவை, நேர் எதிர்ல இருக்கிற கம்பி அதுக்கு சரியா தெரியாது, மோதி சாகுது, மிச்சம் இருக்கிறது 150-க்கும் கீழ. 2021-ல உச்ச நீதிமன்றம் லைனை மண்ணுக்கு அடியில கொண்டு போகச் சொல்லி, 2024-ல அதைத் தளர்த்தி நிபுணர் குழு போட்டது இந்த விவகாரம் தான். இன்னொரு புல்வெளி மிருகமான சிவிங்கிப்புலி (சீட்டா) 1952-லயே நம்ம நாட்டுல இல்லன்னு அறிவிச்சாச்சு, 2022-ல நமீபியாவுல இருந்து கொண்டு வர வேண்டியதாச்சு.

## நீலகிரி: ராத்திரி தான் முடிவு பண்ணுது

2,000 மீட்டருக்கு மேல போனா நிலத்தோட அமைப்பு விசித்திரமா இருக்கும். மலை மடிப்புக்குள்ள, ஓடை ஓடுற பள்ளத்துல குட்டையா அடர்ந்த சோலைக்காடு, மேட்டுல எல்லாம் புல்லு. ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்ட மாதிரி எல்லை. பத்து அடி நகர்ந்தா காடு முடிஞ்சு வெயில்.

ஏன் இப்படி? ஜனவரி மாசம் ஒரு ராத்திரியை எடுத்துக்கோங்க. மேகம் இல்ல, காத்து இல்ல. பகல்ல 20 டிகிரி கிட்ட அடிச்ச வெயிலோட சூட்டைத் தரை அப்படியே வானத்துக்கு விட்டுடும், தலைக்குந்தா மாதிரி இடத்துல விடியக்காலையில பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிடும். ஊட்டிக்காரங்க இதை ரெண்டா பிரிச்சு சொல்வாங்க, முதல்ல நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. புல்லு நுனி வெள்ளையா உறைஞ்சு நிக்கும், காலையில மேல வெயில் பட்டதும் உறைஞ்ச இலை கருகின மாதிரி ஆயிடும். புல்லுக்கு நுனி தான் போச்சு, குருத்து கீழ பத்திரம். அதே இடத்துல ஒரு சோலை மரத்தோட விதை முளைச்சு நாலு இலை விட்டிருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சுது. சோலைக்குள்ள அப்படி ஆகாது, மேல இலைக்கூரை போர்வை மாதிரி சூட்டைப் பிடிச்சு வைக்கும், கன்னு தப்பிக்கும். காடு இருக்கிறதால காடு வளருது, புல்லு இருக்கிறதால புல்லே நிக்குது. கூடவே மேட்டுல காத்தும் மெல்லிசான மண்ணும் எப்பவாவது தீயும்.

வெட்டவெளிப் புல்லுல நிக்க முடிஞ்ச உள்ளூர் மரம் ரொம்ப கொஞ்சம். சிவப்பா பூக்கிற காட்டுப்பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான், அதுல ஒண்ணு. தக்கை மாதிரி தடிச்ச பட்டை, தோல் மாதிரி முரட்டு இலை, முறுக்கிக்கிட்டு குள்ளமா நிக்கிற உடம்பு. தீக்கும் பனிக்கும் தயாரா வந்த ஆளுன்னு பார்த்தாலே தெரியும்.

பழைய வழக்குன்னு சொன்னது: இந்தப் புல்வெளி இயற்கையா, இல்ல தோடர் எருமை மேய்க்கிறதுக்காக காட்டை எரிச்சு உண்டாக்கினதா? நீலகிரி சதுப்புகள்ல அடுக்கடுக்கா படிஞ்ச கருப்பு மண்ணை எடுத்து அதுல இருக்கிற கார்பனைப் பார்த்தாங்க. சி3 செடி விட்டுட்டுப் போற கார்பனும் சி4 விட்டுட்டுப் போறதும் வேற வேற கைரேகை. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, பனியுகத்தோட உச்சத்துல, அங்க சி4 புல்லு கொடிகட்டிப் பறந்திருக்கு. மேய்ச்சல் வர்றதுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி.

வரையாடு இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கு, மேயுறது திறந்த புல்லுல, ஆபத்துன்னா பக்கத்துப் பாறைச் சரிவுக்கு ஒரே ஓட்டம். புல்வெளியை மரம் மூடிப்போய் எதிர்ல சிறுத்தை வர்றது தெரியலன்னா அந்த இடத்தை விட்டுடும். 2024 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 1,031 தான். 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்கிற குறிஞ்சிக்கும் இந்தத் திறந்த சரிவு தான் வீடு, 2018-ல பூத்துச்சு, அடுத்தது 2030.

## சீகை வந்து என்ன பண்ணுச்சு

19-ஆம் நூற்றாண்டுல பிரிட்டிஷ்காரங்களுக்கு இந்தப் புல்லு வேஸ்ட்டா தெரிஞ்சுது. விறகுக்கு கற்பூர மரம் (யூகலிப்டஸ்), தோல் பதனிட பட்டைக்கு சீகை, ரெண்டும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் நம்ம ஆளுங்க ஆலைகளுக்காக இன்னும் பெரிய அளவுல நட்டாங்க, சொல்லப்போனா பெரும் சேதம் அப்போ தான். 2018-ல வந்த ஒரு ஆய்வு பழனி மலையில நாப்பது வருஷத்துல புல்வெளியில மூணுல ரெண்டு பங்கு காணாமப் போச்சுன்னு சேட்டலைட் படத்தை வச்சுக் காட்டுச்சு.

தண்ணிக்கும் அடி. ஊட்டி பக்கம் புல்லா விட்ட ஓடைப்பகுதியையும் கற்பூர மரம் நட்ட ஓடைப்பகுதியையும் வச்சு பல வருஷம் அளந்து பார்த்ததுல, மரம் நட்ட பக்கம் முதல் பத்து வருஷத்துல ஓடைக்கு வர்ற தண்ணி சுமார் 16 சதவீதம் குறைஞ்சுது. மரம் மழையைக் கொண்டு வரும்ங்கிறது வேற விஷயம், இங்க மரம் ஓடையைத்தான் குடிச்சுது.

## அப்போ எல்லாத்தையும் வெட்டிடலாமா

அவ்ளோ சுலபம் இல்ல.

1. சீகை விதை மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் கம்பளம் விரிச்ச மாதிரி முளைக்கும். ஒரு தடவை வெட்டிட்டு டெண்டர் முடிஞ்சுதுன்னு போனா முன்னாடி இருந்ததை விட மோசம், வருஷா வருஷம் வந்து பிடுங்கணும்.

2. புல்லு தானா வராது. பக்கத்துல உள்ளூர்ப் புல்லு இருந்தா தான் விதை வரும், இல்லன்னா நர்சரியில தூர் பிரிச்சு வளர்த்து கையால நடணும்.

3. பழைய சீகை, கற்பூர மர நிழல்ல சில இடத்துல சோலை மரக்கன்னு வர ஆரம்பிச்சிருக்கு. போர்வை கிடைச்சதால. அங்க மொத்தமா வெட்டினா அந்தக் கன்னும் பனியில போயிடும். அதனால எந்த இடம் புல்லா இருந்தது, எது சோலையோரம்னு இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு எடுக்கணும். கண்ணை மூடிக்கிட்டு நட்டதுக்குப் பரிகாரம் கண்ணை மூடிக்கிட்டு வெட்டுறது இல்ல.

4. ராத்திரி சூடு கூடுறது. நீலகிரியில புல்லுலயும் சோலைக்குள்ளயும் விதை போட்டு ஒரு சோதனை பண்ணாங்க. வெட்டவெளியில சோலை மரக் கன்னை பனி காலி பண்ணுச்சு, சீகைக் கன்னு தாக்குப் பிடிச்சுது. இப்போ இருக்கிற பனியே அதுக்குப் பெருசா வேலி இல்ல. பனி இன்னும் குறைஞ்சா சோலை மேட்டுக்கு ஏறி வரும்னு சிலர் நினைக்கலாம், ஆனா சீகை ஏற்கனவே மேட்டுலயே நிக்குது, மண்ணுக்குள்ள விதையும் ரெடியா இருக்கு, சோலையோட விதை இன்னும் பள்ளத்துல இருந்து பறவை வயித்துல வரணும்.